அந்த இடத்துக்கு எந்த ரேசர்?

ஆம்பிளையள் நாலு பேர் கூடினா கதைக்காத விஷயம் எண்டு ஒண்டும் இல்ல. சுகர், பிரஷர், மூலம், வயித்துக்குள்ள வாய்வு, அடுத்த வீட்டுச் சண்டை, எல்லாத்தையும் திருகோணமலை டச்சுபே கடற்கரையில கச்சான் கொறிச்சுக்கொண்டு சத்தமாவே கதைப்பம். கவட்டு முடிய என்னத்தால எடுக்கிறது எண்டு மட்டும் ஒருத்தன் இன்னொருத்தனிட்டக் கேட்டு நான் காணல்ல. கேக்காதபடியா ஒருத்தருக்கும் தெரியாது, தெரியாதபடியா கையில அம்பிடுறதால எடுக்கிறது, முகத்துக்கு வாங்கின ரேசரோ, பழைய பிளேட்டோ, அதுவும் இல்லாட்டி அண்ணன்ட சேவிங் செட்டோ, பாத்ரூம் கதவச் சாத்திப்போட்டு அவசர அவசரமா. பிறகு எரிவு, கடி, பரு. அதையும் ஒருத்தரிட்டயும் சொல்லுறதில்ல. கன காலமா எனக்கு இது மனசுக்குள்ள உறுத்திக்கொண்டு கிடந்த விஷயம், வெக்கத்தப் பாத்தா எழுதவே ஏலாது, அதால வெளிப்படையாவே எழுதுறன்.

சித்தியிட மகன் கெம்பஸ்ல படிக்கிறவன், லீவுக்கு வந்து நிண்டவன். கச்சான் காத்து அடிக்கிற காலம், பகல்ல றோட்டில இறங்கினா அனல் முகத்தில அறையும், அந்த வெக்கையில பெடியன் ஜீன்ஸ விட்டுட்டு நாள் முழுக்க சாரத்தோடயே திரியிறான், நடக்கேக்க கால அகட்டி அகட்டி வைக்கிறான். என்னடா எண்டு கேட்டா ஒண்டும் இல்லயாம். வீட்டில எல்லாரும் கோணேசர் கோயிலுக்குப் போன நேரம் பாத்து மெல்ல வந்து, "அண்ணா, உங்களிட்ட ஒண்டு கேக்கோணும், அம்மாட்ட மட்டும் சொல்லிடாதீங்க" எண்டான். விஷயம் இதுதான், அஞ்சு பிளேட் வச்ச நல்ல விலையான ரேசர் ஒண்டு வாங்கி, எல்லாத்தையும் ஒட்ட வழிச்செடுத்திருக்கிறான். அடுத்தடுத்த நாளே கவடு முழுக்கச் சிவப்புச் சிவப்பாப் பொங்கி, சிலதில சீழும் வச்சிட்டு. பாமசிக்குப் போனா கவுண்டரில பொம்பிளப் பிள்ளையள் நிக்குது, எல்லாத்தையும் சொல்ல வாய் வரல்ல, "கவட்டுக்குள்ள கடி" எண்டு மட்டும் சொல்லியிருக்கிறான். அவங்களும் பங்கஸ் எண்டு நினைச்சு ஒரு டியூப்பக் குடுத்து அனுப்பிட்டாங்க.

அந்த டியூப்ப வாங்கிப் பாத்தன். ஸ்டீரொய்ட், பங்கஸ் மருந்து, அன்டிபயோட்டிக் மூண்டையும் ஒண்டாக் கலந்த கிறீம். எங்கட ஊரில கவட்டில என்ன வந்தாலும் பூசுறது இந்த வகைதான். பூசின உடன சிவப்பு அடங்கும், கடி நிக்கும், சுகம் எண்டு நினைப்பம். ஸ்டீரொய்ட் தோல்ட எதிர்ப்பு சக்திய அமத்துறதாலதான் அந்த சுகம். கீழ கிடக்கிற கிருமியும் பங்கஸும் அந்த இடைவெளியில நல்லா வளரும், டியூப்ப நிப்பாட்டினாப் பிறகு இரட்டிப்பா வரும். அதோட விதைப்பைத் தோல் மற்றத் தோல் மாதிரி இல்ல. 1967ல ஃபெல்ட்மன், மைபக் எண்ட ரெண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் ஹைட்ரோகோர்ட்டிசோன உடம்பின்ட ஒவ்வொரு இடத்திலயும் பூசி எவ்வளவு உள்ள இழுக்குது எண்டு அளந்தவங்க. முன்னங்கையில இழுக்கிறத ஒண்டு எண்டு வச்சா விதைப்பையில 42. இது தெரிஞ்ச ஆராவது அந்த இடத்தில கண்ட கண்ட கிறீமப் பூசுவாங்களா?

ஸ்கின் டொக்டரிட்டக் கூட்டிக்கொண்டு போனன். டியூப்ப நிப்பாட்டுங்க, மயிர்க்கண்ணில கிருமி போயிருக்கு, சில முடி உள்ளுக்க வளந்திருக்கு, கொஞ்ச நாள் பிளேட் வைக்காதீங்க எண்டு சொல்லி மருந்து எழுதித் தந்தவர். சுகம் வந்திட்டு. ஆனா வரும்போது பைக்கில பின்னால இருந்துகொண்டு தம்பி கேட்டான், "அப்ப நல்ல ரேசர் எது அண்ணா? அஞ்சு பிளேட்டே இப்பிடி எண்டா வேற எத வாங்கிற?" அந்தக் கேள்விக்கு என்னட்ட மறுமொழி இல்ல.

பிளேட் கூடக் கூட

கடையில ரேசர் தட்டுக்கு முன்னால நிண்டா எல்லாப் பெட்டியும் ஒரே கதையத்தான் சொல்லுது. இன்னும் ஒட்ட, இன்னும் வழுவழுப்பா, இன்னும் ஒரு பிளேட் கூட. 1904ல கிங் ஜில்லெட்டுக்கு அமெரிக்காவில பேட்டன்ட் கிடைச்ச சேஃப்டி ரேசரில இருந்தது ஒரு பிளேட், ரெண்டு பக்கமும் கூர், தேஞ்சா எறிஞ்சிட்டு வேற போடலாம். 1971ல அவர்ட ஜில்லெட் கொம்பனி ரெண்டு பிளேட்ட ஒண்டா வச்சுது, 1998ல மாக் 3 எண்டு மூண்டு, 2006ல ஃபியூஷன் எண்டு அஞ்சு. இந்த ஓட்டம் முழுக்க முகத்துக்காக ஓடினது. தாடை எலும்புக்கு மேல இழுத்துப் பிடிச்ச மாதிரி இருக்கிற தோலுக்கு, நாளாந்தம் வழிக்கிறவனுக்கு.

பிளேட் பல இருக்கிற ரேசர் வேலை செய்யிற விதத்தப் பாத்தாத்தான் தம்பிக்கு ஏன் அப்பிடி வந்தது எண்டு விளங்கும். முதல் பிளேட் முடியப் பிடிச்சு கொஞ்சம் வெளிய இழுத்து வெட்டுது, இழுபட்ட முடி திரும்பி உள்ள போக முதல் பின்னால வாற பிளேட் இன்னும் கீழ வச்சு வெட்டுது. கடைசியில முடியிட நுனி தோலுக்குக் கீழ நிக்கும், அதாலதான் தடவிப் பாத்தா வழுவழு எண்டு இருக்கு. முகத்தில நேரா வளருற முடிக்கு இது பெரிய கரைச்சல் இல்ல. கவட்டு முடி தடிப்பம், சுருள், அது வளருற குழியே வளைஞ்சுதான் இருக்கும். சரிவா வெட்டுப்பட்ட நுனி ஊசி மாதிரி, அது தோலுக்குக் கீழ நிண்டு வளரத் தொடங்கினா வெளிய வாற வழிய விட்டுட்டு குழியிட சுவரக் குத்தும், இல்லாட்டி வெளிய வந்து வளைஞ்சு பக்கத்துத் தோலுக்குள்ள திரும்பிப் போகும். உடம்புக்கு அது அந்நியப் பொருள், முள்ளுத் தைச்சா என்ன செய்யுமோ அதத்தான் செய்யும், வீங்கிச் சிவந்து சீழ் கட்டும். சுருள் தாடிக்காரருக்கு முகத்திலயே இது வாறது, அவங்களுக்கு டொக்டர்மார் சொல்லுறது முடிய அரை மில்லிமீற்றரில இருந்து ஒரு மில்லிமீற்றராவது விட்டு வெட்டுங்க எண்டு.

இன்னொரு விஷயம், தம்பியிட அந்த ரேசர் தலைய வாங்கி யன்னல் வெளிச்சத்துக்குப் பிடிச்சுப் பாத்தன். பிளேட்டுக்கும் பிளேட்டுக்கும் இடையில நகம் போக இடமில்ல, அதுக்குள்ள சுருள் முடித் துண்டுகள் ஒண்டோட ஒண்டு பின்னி, சவக்காரம் வெள்ளையாக் காஞ்சு, நடுவில தோல் துகள் மாவு மாதிரி அடைஞ்சு கிடக்கு. தண்ணிப் பைப்பத் திறந்து பிடிச்சாலும் போகல்ல, தட்டினாலும் போகல்ல. முகத்துச் சின்ன முடிக்குச் செய்த இடைவெளி, மாசத்துக்கு வளந்த கவட்டு முடிக்குக் காணாது. நாங்க கடக்கரை ஆக்கள், பாத்ரூமில தொங்கவிட்ட ஈர பிளேட் உப்புக் காத்துக்கு எவ்வளவு நாள் தாங்கும் எண்டு தெரியும்தானே, ஓரத்தில மெல்லிய துரு பிடிச்சும் இருந்திச்சு. கிணத்துத் தண்ணியும் பல இடத்தில சவர், சவக்காரம் நுரைக்காது, நுரையில்லாம பிளேட் வழுக்காது, இழுக்கும். அடைபட்ட, துருப்பிடிச்ச, வழுக்காத பிளேட்ட எடுத்து உடம்பிலயே மெல்லிய தோலில வைக்கிறது. அதுக்குப் பிறகு வேர்வை, உரசல், இறுக்கமான ஜட்டி.

இது எங்கட ஊர்ப் பிரச்சின மட்டும் எண்டும் நினைக்காதீங்க. அமெரிக்காவில ஏழாயிரத்துக்கு மேற்பட்ட ஆக்களிட்டக் கேட்டு 2017ல வெளிவந்த ஆய்வு ஒண்டு இருக்கு, அந்த இடத்து முடிய எடுக்கிற ஆக்களில நாலில ஒருத்தருக்கு ஏதோ ஒரு காயம் வந்திருக்கு, கூடுதலானது வெட்டுக்காயம். காயம் வந்த ஆம்பிளையளில மூண்டில ரெண்டு பேருக்கு அது விதைப்பையில. அந்தத் தோலுக்குக் கீழ கொழுப்பு இல்ல, பிடிமானம் இல்ல, சுருங்கி மடிஞ்சு கிடக்கும், எந்த பிளேட்டுக்கும் அந்த மடிப்பு ஒண்டு போதும்.

வாட்டில கண்டது

இதெல்லாம் தெரிஞ்சும் "அப்ப எது?" எண்ட கேள்வி அப்பிடியே நிண்டது. ஒரு பிளேட்டா, ரெண்டு பிளேட்டா, எந்தக் கொம்பனி எண்டுதான் என்ட மண்டை ஓடிக்கொண்டிருந்தது. அது திரும்பினது ஆஸ்பத்திரியில.

எனக்கு வலது கவட்டுப் பக்கம் ஹேர்னியா, குடலிறக்கம். ஒப்பரேஷனுக்கு முதல் நாள் அட்மிட் ஆகச் சொன்னாங்க. அத்தானுக்கு முந்தின காலத்தில அப்பென்டிக்ஸ் எடுத்தவங்க, அப்ப முதல் நாள் இரவே ரேசரால வயித்தில இருந்து தொடை வரைக்கும் வழிச்சு விட்டவங்களாம், அந்த ஞாபகத்தில மனுசன் எனக்கு ரெண்டு புது டிஸ்போசபிள் ரேசரும் வாங்கி பேக்குக்குள்ள போட்டு விட்டவர். இரவு ஆரும் வரல்ல. காலம, தியேட்டருக்குப் போகக் கொஞ்சம் முன்னால, ஆண் நர்ஸ் ஒருத்தர் திரைய இழுத்து மறைச்சுப்போட்டு வந்தார், என்ன விட வயசு குறைஞ்ச பெடியன். நான் ரேசர எடுத்து நீட்டினன். "அத உள்ள வைங்க அண்ணா, ஒப்பரேஷனுக்கு நாங்க ரேசர் போடுறதில்ல" எண்டு சொல்லிப்போட்டு கையில ஒரு சின்ன கிளிப்பர எடுத்தார். அதுக்குப் புதுத் தலை ஒண்டு, பைக்கற்றக் கிழிச்சு "டிக்" எண்டு மாட்டினார். இடது உள்ளங்கையால தோல மேல இழுத்துப் பிடிச்சு, மற்றக் கையால கிளிப்பரப் படுக்கையா வச்சு, அமத்தாம, மெல்ல மெல்ல நகத்தினார். சவக்காரம் இல்ல, தண்ணி இல்ல. ஒப்பரேஷன் செய்யிற பக்கம் மட்டும், அதுவும் தேவையான அளவு. மற்றப் பக்கத்தத் தொடவே இல்ல. விழுந்த முடிய டேப்பால ஒத்தி எடுத்தார்.

குனிஞ்சு பாத்தா அடி முடி சொரசொர எண்டு தெரியுது. "தம்பி, இன்னும் மிச்சம் இருக்கே?" எண்டு கேட்டன். "இருக்கட்டும் அண்ணா. முடி நிண்டாப் பிரச்சின இல்ல, தோல் கீறினாத்தான் பிரச்சின. ரேசர் வச்சா உங்கட கண்ணுக்குத் தெரியாத கீறல் எத்தினையோ விழும், அதுக்குள்ள கிருமி இருந்து பெருகும்." அவ்வளவுதான் சொன்னவர், அடுத்த கட்டிலுக்குப் போயிட்டார்.

படுக்கையில கிடந்த நாட்கள்ல ஃபோன்ல தேடித் தேடி வாசிச்சன். 1971லயே செரோப்பியன், ரெனோல்ட்ஸ் எண்ட ரெண்டு பேர் கணக்குப் போட்டிருக்கிறாங்க, ரேசரால வழிச்ச ஆக்களில ஒப்பரேஷன் காயத்தில கிருமி வந்தது 5.6 வீதம், வழிக்காம விட்ட ஆக்களிலயும் கிறீமால முடி எடுத்த ஆக்களிலயும் 0.6 வீதம். 1999ல அமெரிக்காவின்ட சிடிசி எண்ட நோய்த் தடுப்பு நிறுவனம், முடி இடைஞ்சல் இல்லாட்டி எடுக்காதீங்க, எடுக்கிறதெண்டா ஒப்பரேஷனுக்குக் கிட்டவா எலெக்ட்ரிக் கிளிப்பரால எடுங்க எண்டு எழுதி வச்சிட்டுது. 2016ல உலக சுகாதார நிறுவனமும் அதையே சொல்லி, ரேசர் வேண்டவே வேண்டாம் எண்டு அழுத்திச் சொல்லியிருக்கு.

எனக்கு அதில பட்டது என்னெண்டா, அந்த இடத்து முடிய எடுக்கிறதில உலகத்திலயே ஆகக் கவனமா இருக்க வேண்டிய ஆக்கள் எத்தின பிளேட் எண்டு பாக்கவே இல்ல, பிளேட் தோலில படுதா எண்டுதான் பாத்திருக்கிறாங்க. நாங்க கடையில நிண்டு "எது ஒட்ட எடுக்கும்" எண்டு கேக்கிறம். அந்த இடத்துக்கு ஒட்ட எடுக்கோணும் எண்டு ஆர் சொன்னது? முகத்துக்குச் சரியான கேள்வியக் கீழ கொண்டு போய் வச்சிட்டம். துப்புரவுக்கு, வேர்வை மணம் குறையுறதுக்கு, வெக்கைக்கு, முடி கட்டையா இருந்தாலே காணும். கட்டை முடி தோலும் தோலும் நேர உரசாமலும் காக்கும், எங்கட வெக்கைக்கு அது பெரிய உதவி.

கிண்ணியாக் கூட்டாளி

இத வெளிய கதைச்ச முதல் ஆள் என்ட கிண்ணியாக் கூட்டாளி ஒருத்தன். அவன் ஒரு துளி கூசல்ல. "மச்சான், எங்களுக்கு இது சின்ன வயசிலயே ஓதுற இடத்தில சொல்லித் தாற விஷயம், இதுக்கேன் நீ இப்பிடி மெல்லக் கதைக்கிற?" எண்டான். நகம் வெட்டுறது, மீசையக் கத்தரிக்கிறது, கக்கத்து முடி, மறைவிடத்து முடி, இதெல்லாம் துப்புரவு எண்ட ஒரே வரிசையில ஹதீஸ்ல வருது, நாப்பது இரவுக்கு மேல விடக்கூடாது எண்டு எல்லையும் இருக்கு. வாப்பாவும் மகனும் கதைக்கலாம், மௌலவியிட்டக் கேக்கலாம். கிண்ணியாவுக்கும் திருகோணமலை டவுனுக்கும் ஒரே பாலத்தால போய் வாற எங்களுக்குள்ள, ஒரு பக்கத்தில இது பாடம், மற்றப் பக்கத்தில வெக்கம். என்ட தம்பிக்கு ஒருத்தன் முன்னமே சொல்லியிருந்தா அவன் அந்தப் பாமசியில போய்த் தடுமாறியிருக்கமாட்டான் எண்டு எனக்கு உண்மையிலேயே கவலையாப் போச்சு.

அவன் முழுசா எடுக்கிற ஆள், அவனுக்கு கட்டையா விடுற கதை சரிவராது. ஆனா அவனுக்குப் பரு வாறதில்ல. என்னத்தால எண்டு கேட்டன். பழைய மொடல் சேஃப்டி ரேசர், ஒத்தை பிளேட், ஒவ்வொரு முறையும் புதுசு, எடுத்து முடிஞ்சா அந்த பிளேட்டக் கடுதாசியில சுத்தி எறிஞ்சிடுவான். ஒத்தை பிளேட் முடிய வெளிய இழுத்துத் தோலுக்குக் கீழ வெட்டுறதில்ல, இடைவெளி அடைபடுறதும் இல்ல, புதுசு எண்டபடியாத் துருவும் இல்ல. முதல் கத்தரிக்கோலால கட்டையாக்கிப்போட்டு, குளிச்சு முடி நல்லா ஊறினாப் பிறகு, முடி சாயுற பக்கத்துக்கே, ரேசர்ட பாரத்தாலயே இழுக்கிறது, கையால அமத்துறதில்ல. எதிர்ப்பக்கம் ஒரு இழுப்பும் இல்ல. விதைப்பையில மட்டும் அவன் இப்ப டிரிம்மர்தான். அந்த இடத்தில சேஃப்டி ரேசர் வைக்கிறது எனக்கும் சம்மதம் இல்ல.

அப்ப எத வாங்கிற

தம்பிக்கு நான் சொன்னது டிரிம்மர். தாடி வெட்டுறதுக்கு விக்கிறதில தோலில படாம சீப்பு மாதிரி கார்ட் போடக்கூடியது எதுவும் பரவாயில்ல, ஆனா கார்ட்டக் கழட்டிப்போட்டு விதைப்பையில வைக்காதீங்க, பல்லுக்கு இடையில மடிப்பு அம்பிட்டா கிள்ளும், ரத்தம் வரும். உடம்புக்கெண்டே வாற டிரிம்மர்ல பல்லு நுனி உருண்டையா, இடைவெளி நெருக்கமா இருக்கும், கொஞ்சம் காசு கூட எண்டாலும் அதுதான் நல்லது. 2016ல பிலிப்ஸ் விட்ட வன்பிளேட் (OneBlade) மாதிரியானது தோலுக்குக் கிட்ட வெட்டும், ஆனா தோலுக்குக் கீழ போகாது, முகத்துக்கும் கவட்டுக்கும் நடுவில ஒரு சமாதானம் மாதிரி. முகத்துக்கும் கீழுக்கும் ஒரே தலையப் பாவிக்காதீங்க. ஒருத்தற்ற மெஷின இன்னொருத்தர் தொடவே கூடாது, அண்ணன் தம்பி எண்டாலும், ஈரலத் தாக்கிற ஹெப்படைட்டிஸ் பி வைரஸ் காஞ்ச ரத்தத்தில ஏழு நாளாவது உயிரோட இருக்கும்.

முடி நீக்கிற கிறீம் பூசலாமா எண்டும் கேட்டான். அதில இருக்கிற தயோகிளைக்கொலேட் முடியிட புரதக் கட்ட உடைச்சுக் கரைக்கிறது, தோலும் கிட்டத்தட்ட அதே புரதம்தான். ஒப்பரேஷன் ஆய்வில கிறீம் நல்ல கணக்குக் காட்டினது உண்மை, ஆனா அது வயித்துத் தோல் மாதிரி இடங்களுக்குச் சரி. 42 மடங்கு இழுக்கிற தோலில பூசி நேரம் கடத்தினா வெந்து போகும், முக்கால்வாசிப் பெட்டியில மறைவிடத்தில பூசாதீங்க எண்டு எழுதியே இருக்கு. ஆஃப்டர்சேவும் அப்பிடித்தான், எரியிறது கிருமி சாகிறதாலயாக்கும் எண்டு பல்லக் கடிச்சுக்கொண்டு பூசுற ஆக்கள் இருக்கிறாங்க, அது ஸ்பிரிட் கீறலில படுற எரிவு. எடுத்து முடிய வெறும் தண்ணியால கழுவி, ஒத்தித் துடைச்சு, அண்டைக்கு ஒரு பருத்திச் சாரத்தோட காத்தோட்டமா இருந்தாக் காணும். சுகர் உள்ள ஆக்கள் பிளேட் பக்கமே போகாதீங்க, சின்னக் கீறலும் உங்களுக்கு லேசில ஆறாது. சீழ் வச்சா, காய்ச்சல் அடிச்சா, சிவப்புப் பரவினா டியூப் வாங்காம டொக்டரிட்டப் போங்க.

கடைக்குப் போனா பெட்டியத் திறந்து காட்டச் சொல்லுங்க. தலை கழருதா, பைப்புக்குக் கீழ பிடிச்சுக் கழுவலாமா எண்டு பாருங்க, ஐபிஎக்ஸ் 7 எண்டு போட்டிருந்தா ஒரு மீற்றர் தண்ணிக்குள்ள அரை மணித்தியாலம் தாங்கும். மாத்துத் தலை தனியாக் கிடைக்குமா எண்டு கட்டாயம் கேளுங்க, கிடைக்காட்டி ஒரு வருஷத்தில மெஷினையே எறிய வேண்டி வரும். கார்ட் எத்தின மில்லிமீற்றர் எண்டும் கேளுங்க, மூண்டுக்கும் ஆறுக்கும் இடையில ஒண்டு இருந்தா முதல் தடவைக்கு நல்லம். கடைப் பெடியன் "தாடிக்கா அண்ணா?" எண்டு கேட்டா, இல்ல, கீழ எடுக்கிறதுக்கு எண்டு சொல்லுங்க. நான் மத்திய வீதியில அப்பிடித்தான் கேட்டு வாங்கினன், அவன் ஒண்டும் நினைக்காம பின் தட்டில இருந்து வேற ரெண்டு மொடல எடுத்து மேசையில வச்சு, இதில எது பல்லு மெல்லிசு எண்டு விரலால தடவிக் காட்டினவன்.